வதந்தி ஆய்வின் வரைபடத்தில் மலையகம்

ஆய்வுகளைப் பற்றிய ஆய்வு என்றொரு துறை இப்போது பெருகி வருகிறது. ஒரு பொருள் குறித்து உலகத்தில் எத்தனை கட்டுரைகள் வந்தன, எந்த ஆண்டில், எந்த நாட்டிலிருந்து, யாரை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கணினியைக் கொண்டு எண்ணுவார்கள். விடையைப் புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு வரைபடம்போல விரித்து வைப்பார்கள். தவறான தகவல், பொய்த்தகவல் என்ற பொருளிலும் இப்படிப் பல வரைபடங்கள் வந்துவிட்டன. சில்லறை வித்தியாசங்களை விட்டுவிட்டால் எல்லாம் சொல்வது ஒன்றுதான். 2016 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வரை ஊர்ந்துகொண்டிருந்த துறை அதன் பிறகு ஓடத் தொடங்கியது. 2020-இல் கொரோனாவோடு பாய்ந்தது. புள்ளிகள் அதிகம் குவிந்திருப்பது அமெரிக்காவில். மொழி ஆங்கிலம். ஆராயப்பட்ட தளம் பெரும்பாலும் டுவிட்டர். டுவிட்டரில்தான் பொய் அதிகம் என்பதல்ல காரணம். அந்தக் கம்பனி ஆய்வாளர்களைத் தரவு எடுக்க விட்டது, அவ்வளவுதான். 2023-இல் அந்த இலவசக் கதவும் அடைபட்டது. வீட்டுக்குள் தொலைத்த சாவியை, வெளிச்சம் இருக்கிறதென்று தெருவிளக்கின் கீழ் தேடிய முல்லாவின் கதைதான் இது.

ஹற்றன் பக்கத்தில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்த வரைபடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வதந்தியால் கடையும் பள்ளிவாசலும் எரிந்த சமூகம் நம்முடையது. வதந்தியால் லயத்தை விட்டு ஓடிய சமூகம் நான் படிப்பிக்கும் பிள்ளைகளுடையது. இரண்டும் ஒரே டவுனில், ஒரே கடன் கொப்பியின் இரு பக்கங்களில் வாழ்கின்றன. ஆனால் அந்த வரைபடத்தில் நம் மலைகள் இருக்க வேண்டிய இடம் அநேகமாக வெள்ளையாகக் கிடக்கிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கிளெயார் வார்டில், ஹொசைன் டெராக்ஷான் என்ற இருவர் 2017-இல் ஐரோப்பியப் பேரவைக்காக எழுதிய அறிக்கை மூன்று வகை சொல்கிறது. தவறென்று தெரியாமல் பரப்புவது ஒன்று. தெரிந்தே கெடுதல் செய்யப் பரப்புவது இரண்டாவது. உண்மையையே கெட்ட நோக்கத்தோடு அவிழ்த்து விடுவது மூன்றாவது. இன்றைக்கு இத்துறையில் எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் மத்ரஸாவில் ஓதிய ஒரு பிள்ளைக்கு முதல் இரண்டும் புதிதாக இராது. அறிவிப்பாளன் பொய்யனா, ஞாபகசக்தி குறைந்தவனா என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துப் பார்த்தார்கள். முன்னவனின் செய்தி இட்டுக்கட்டப்பட்டது, பின்னவனின் செய்தி பலவீனமானது என்று இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தார்கள். இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றுக்கென்றே தனி நூல் தொகுத்தார். நம் தமிழிலும் சும்மா இருக்கவில்லை. வாய்க்குள் முணுமுணுக்கும் ஊர்ப்பேச்சு அம்பல். அது வெளிப்பட்டு ஊரெல்லாம் பரவினால் அலர். மொட்டும் மலரும்போல என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். காதலைப் பற்றிய பேச்சுக்குச் சொன்ன சொற்கள்தான், ஆனாலும் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்கும் அந்தப் பார்வை இன்றைய ஆய்வில்கூட அபூர்வம்.

இத்துறை டுவிட்டரோடு பிறந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போரில் படையிலிருந்து திரும்பிய பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளொக், 1921-இல் போர்க்காலப் பொய்ச் செய்திகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொய்ச் செய்தி எங்கிருந்தோ வந்து விழுவதில்லை, அது பிறக்கும் முன்பே மக்கள் மனத்தில் அதற்கு இடம் தயாராக இருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆகவே வரலாற்றாசிரியன் பொய்யை மறுப்பதோடு நிற்காமல், அந்தத் தயாரான இடம் எது என்று தேட வேண்டும்.

அடுத்த அடி நம் பக்கத்திலிருந்தே வைக்கப்பட்டது. 1934 ஜனவரியில் பீகாரில் பூமி அதிர்ந்தது. ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அப்போது உலவிய வதந்திகளைத் திரட்டி, 1935-இல் பிரித்தானிய உளவியல் சஞ்சிகையில் வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத பகுதியில் அவர் கேட்டவை அவை. இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற மாதிரியே அவற்றில் பல இருந்தன. 1950-இல் டார்ஜிலிங்கில் மண்சரிவு. அதுவும் தேயிலை மலைதான், நம் மலை மாதிரியே மழைக்குச் சரிகிற மலை. அங்கே துர்கானந்த் சின்ஹா கேட்டறிந்த பேச்சில், சேதத்தைக் கண்ணால் கண்டவர்களிடம் அந்த மாதிரி எதிர்காலப் பயமுறுத்தல் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் அமெரிக்கர் லியோன் பெஸ்டிங்கர், பயம் முதலில் வருகிறது, அந்தப் பயத்துக்கு நியாயம் சொல்லும் கதை பிறகு வருகிறது என்ற திசையில் யோசிக்கத் தொடங்கினார். 1957-இல் வந்த அவருடைய நூல் உலகப் புகழ்பெற்றது. பீகாரிலும் டார்ஜிலிங்கிலும் கொழுந்து பறித்தோம், தேயிலை வேறிடத்தில் பக்கெற் ஆயிற்று.

இனி நம் மலைகளுக்கு வருவோம். மலையகத் தமிழரின் குடியேற்றமே ஒரு பொய்த்தகவலோடு தொடங்கியது. கண்டிச் சீமையில் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்டும் கங்காணிமார் ஆசை காட்டினார்கள் என்பது இன்றும் லயங்களில் கசப்போடு சொல்லப்படும் பேச்சு. கங்காணி அறிந்தே சொன்னது. அதைத் தன் தம்பிக்குச் சொல்லிக் கூட்டிவந்த அண்ணன் நம்பிச் சொன்னது. வார்டிலின் முதல் இரண்டு வகையும் ஒரே கப்பலில் வந்திருக்கின்றன.

நம் சமூகத்தின் கதை கம்பளையில் தொடங்குகிறது. அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடந்து வளஹாகொட தேவாலயப் பெரஹர மேளத்தோடு போகலாமா என்ற வழக்கில், 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த வெசாக் இரவில், மே 28-இல், கண்டியில் கலவரம் வெடித்தது. தலதா மாளிகையை முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தி அதோடு சேர்ந்து ஓடியது. ரயில் பாதை நெடுக, ரயில் தொழிலாளர் வாய்வழியாகவும், அது கீழ்நாட்டுக்கு இறங்கியது. பத்து நாட்களுக்குள் 4,000-க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. கலாநிதி அமீர் அலி 1981-இலும், ஏ. பி. கன்னங்கர 1984-இலும் இதன் வேர்களை எழுதியிருக்கிறார்கள். கடன், விலைவாசி, போர்க்காலத் தட்டுப்பாடு, கரையோர முஸ்லிம் வியாபாரி மேலிருந்த கோபம் எல்லாம் அதில் வரும். புளொக் சொன்ன தயாரான இடம் என்றால் இதுதான்.

ஆனால் நம் மேடைகளில் 1915 பேசப்படும்போது ஒரு பாதி விட்டுப்போகிறது. அதே நாட்களில் ஆங்கில அரசாங்கமும் ஒரு பொய்யை நம்பியது. மதுவிலக்கு இயக்கத்துச் சிங்களத் தலைவர்கள் ஜெர்மன் போர்ச் சூழலைப் பயன்படுத்தி அரசுக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்று ஆளுநர் சாமர்ஸின் நிருவாகம் முடிவுகட்டியது. டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றோர் சிறை சென்றார்கள். ஹென்றி பெத்ரிஸ் ஜூலை 7-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சதிக்கு ஆதாரம் வரவில்லை. பொன்னம்பலம் இராமநாதன் இதைத் தட்டிக்கேட்டு 1916-இல் லண்டனில் நூல் வெளியிட்டார். அவர் நம் இழப்பைப் பேசாமல் விட்டது நம்மவர்க்கு இன்றும் ஆறாத புண். அது நியாயமான கோபம்தான். என்றாலும், தெருவில் ஓடிய வதந்தியும் இராணுவச் சட்டத்தின் மேசையில் இருந்த வதந்தியும் ஒரே வாரத்தில் உயிர் குடித்தன என்பதை வரலாறாக எழுதுபவன் இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

1977 ஓகஸ்ட்டில் தோட்டங்கள் தாக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் சிங்களவருக்கு என்ன நடந்தது என்று தெற்கில் பரவிய கதைகள் அதில் எவ்வளவு பங்கு வகித்தன என்பது சன்சோனி ஆணைக்குழுவின் விசாரணையில் வருகிறது. நான் சொல்ல விரும்புவது அதற்கு மறுபக்கம். என் மாணவி ஒருத்தியின் அப்பாயி அந்த நாட்களில் தேயிலைச் செடிகளுக்குள் மூன்று இரவு படுத்தவர். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ‘வர்றாங்க’ என்று யாரோ கத்தியதாகச் சொன்னார். யார் அப்பாயி என்று கேட்டேன். “அது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது சேர். ஓடுனது நாங்கதான்.” அந்த இரவுகளில் அவர் தோட்டத்துக்கு யாரும் வரவில்லை, வேறு தோட்டங்களுக்கு வந்தார்கள். அப்படியானால் அவர் கேட்டது வதந்தியா, எச்சரிக்கையா? இந்தக் கேள்வியை எந்தக் கணினியும் இதுவரை எண்ணவில்லை.

2011 கிறீஸ் பூதம் பற்றி இனிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் ஒரே பேச்சு. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மனிதன் இரவில் வருகிறான், பெண்களைக் கீறுகிறான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறான், காலில் ஸ்பிரிங் சப்பாத்து, கூரை விட்டுக் கூரை தாவுகிறான். பிடிபடாமலிருக்கக் கிறீஸ் பூசிக்கொள்ளும் திருடன் பழைய கதைகளில் உண்டு. அவன் இப்போது பூதமாகிவிட்டான். கிழக்கில் நம்மவர்கள் ‘மர்ம மனிதன்’ என்றார்கள். அப்போது நான் படிப்பித்த பாடசாலையில் தோட்டத்துப் பிள்ளைகளின் வரவு குறைந்தது. மாலையானால் பெண்கள் பீலிக்குத் தண்ணீருக்குப் போகவில்லை. கொழுந்து மலைக்குத் தனியாகப் போகப் பயந்தார்கள். ஆண்கள் டோர்ச்சும் கவ்வாத்துக் கத்தியுமாக லயத்து முற்றத்தில் முறை வைத்துக் காவலிருந்தார்கள். ஹப்புத்தளைப் பக்கத்தில் பூதம் என்று சந்தேகிக்கப்பட்ட இருவர் கொல்லப்பட்டார்கள்.

அன்றைக்குத் தோட்டத்தில் ஸ்மார்ட் போன் கிடையாது. பேஸ்புக் என்றால் என்னவென்று தெரியாத வீடுகளே அதிகம். செய்தி பெரட்டுக் களத்தில் காலையில் கைமாறியது, மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வளர்ந்தது, பின்னேரம் பஸ்ஸில் ஏறி டவுனுக்கு வந்து நம் கடைகளின் முன்னால் நின்றது. கொழும்பில் வேலைக்கு நின்ற மகன் சாதாரண போனில் எடுத்து ‘கவனமா இருங்க’ என்றான், அதுவே உறுதிப்படுத்தலாயிற்று. லயத்தின் ஒரு காம்பிராவில் ஒரு பிள்ளை கனவில் அலறினால் பன்னிரண்டு காம்பிராவும் விழித்துக்கொள்ளும்.

கிழக்கிலும் புத்தளத்திலும் இது வேறு உருவம் எடுத்தது. துரத்தப்பட்ட ஆள் முகாமுக்குள் ஓடினான், பொலிஸ் பிடித்தவனை விட்டுவிட்டது என்ற பேச்சு ஊருக்கு ஊர் எழுந்தது. கிண்ணியாவில் கூட்டம் கடற்படை முகாமை முற்றுகையிட்டது. புத்தளத்தில் ஓகஸ்ட் 21-இல் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தால் கொல்லப்பட்டார். அந்தக் கூட்டம் நம்மவர்கள் கூட்டம். இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் 2014 அளுத்கமவையும் 2018 திகனவையும் பத்துப் பக்கம் எழுதிவிட்டு 2011 புத்தளத்தை ஒரு வரியில் தாண்டிப்போகிற கட்டுரைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. செத்த அந்த மனிதர் கடமைக்கு வந்தவர்.

ராஜேஷ் வேணுகோபால் 2015-இல் ஆசியவியல் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இந்தப் பூதத்தைப் பற்றி வந்த ஆழமான ஆய்வு. நாடு முழுக்கப் பரவிய பேச்சு ஏன் சிறுபான்மையினர் வாழும் இடங்களிலேயே இப்படி வெடித்தது என்பது அதன் மையக் கேள்வி. போர் முடிந்து இரண்டு ஆண்டு. முகாம்கள் அப்படியே இருந்தன. அவசரகாலச் சட்டம் அந்த ஓகஸ்ட் முடிவில்தான் காலாவதியானது. அதை நீட்டத்தான் பூதத்தை அனுப்புகிறார்கள் என்றுகூடச் சனங்கள் கதைத்தார்கள். ‘பூதம் இல்லை’ என்று அரசாங்கம் அறிவித்தபோது, சொல்வது யார் என்று பார்த்தார்கள். அந்த வாய் தங்களிடம் முன்பு என்னவெல்லாம் சொன்னது என்று நினைத்துப் பார்த்தார்கள். மறுப்பு வதந்தியை வளர்த்தது. உண்மை சொல்ல வேண்டியவர் மேல் நம்பிக்கை போன இடத்தில் மறுப்பறிக்கையும் ஒரு சாட்சியமாகிவிடுகிறது, எதிர்த்தரப்புக்கு.

2018-இல் அதே விதி நம் தலையில் திரும்பி விழுந்தது. பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்டார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் பயத்தில் ஒப்புக்கொள்வதுபோல ஏதோ சொன்னார். அது வீடியோவாகி நாடு சுற்றியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மா என்று பிறகு அறிக்கை தந்தார். கறியில் கலந்து கொடுத்து மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவம் அறிந்த ஒன்று இல்லவே இல்லை. அடுத்த வாரம் திகன. மார்ச் 6-இல் அவசரகால நிலை, 7-இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றுக்கும் தடை.

அதே வாரம், மார்ச் 9-இல், அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழில் இத்துறையின் மிகப் புகழ்பெற்ற கட்டுரை வந்தது. வொசுகி, ரோய், ஆரல் என்ற மூவர் 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் சுமார் 30 இலட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்தார்கள். மெய்யை விடப் பொய் பகிரப்படும் வாய்ப்பு 70 வீதம் கூடுதல். அதற்குக் காரணம் தானியங்கிகள் அல்ல, மனிதர்களே என்றார்கள். வரைபடங்களில் அந்தக் கட்டுரை ஒரு பெரிய வட்டம். அது வெளிவந்த அன்றைக்குத் திகனப் பக்கத்தில் சனங்கள் எரிந்த வீடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். 2014-இலேயே கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இலங்கைப் பேஸ்புக்கின் வெறுப்புப் பேச்சைப் பற்றி ஆய்வு வெளியிட்டிருந்தது. உலக வரைபடத்தில் அது ஒரு சிறு புள்ளிகூட இல்லை, ஏனென்றால் அது சஞ்சிகைக் கட்டுரை அல்ல, நிறுவன அறிக்கை. பேஸ்புக் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில், தானே பணித்த மனித உரிமை மதிப்பீடு வெளியானபோது.

2019 மே மாதம் குருநாகல் வைத்தியர் ஷாபி மேல் அந்தப் பழி. ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில் 4,000 பெண்கள் என்று தொடங்கியது. ஆதாரம் ஒன்றும் வரவில்லை. அவர் சிறையிலிருந்தது போனது போனதுதான். அப்போது எங்கள் டவுனில் தோட்டத்து வாடிக்கையாளர்கள் சிலரும் நம் கடைகளைத் தவிர்த்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நேராகவே கேட்டான், “சேர், அந்த மாத்திரை நெசமா?” இல்லையென்று விளக்கினேன். அவன் அம்மம்மாவிடம் போய் விளக்கச் சொன்னேன். மறுநாள் வந்து சொன்னான்: “அம்மம்மா கேக்குறாங்க சேர், எங்களுக்கு டிஸ்பென்சரியில ஒப்பரேசன் செஞ்சது மட்டும் பொய்யா?”

அந்தக் கேள்விக்கு மறுப்பறிக்கை கிடையாது. 1980-களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டங்களில் பெண்களின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்பதைச் சசிகுமார் பாலசுந்தரம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு கேட்கிறது. அந்தக் கட்டுரையின் தலைப்பே கருப்பைகள் திருடப்படுவதாகச் சொல்கிறது. நம் கடைக்காரர் மேல் சுமத்தப்பட்ட பொய்க்கு அந்த அம்மம்மாவின் மனத்தில் இடம் போட்டுக் கொடுத்தது ஒரு மெய். அந்த மெய்யை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. உண்மை சரிபார்க்கும் நிறுவனங்கள் மாத்திரை பொய் என்று எழுதின, சரியாகவே எழுதின. ஆனால் பொய்யை ஆராயும் கட்டுரைகள் ஒரு கூட்டிலும், தோட்டப் பெண்களின் சுகாதாரம் பற்றிய கட்டுரைகள் வேறு கூட்டிலும் கிடக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கோட்டை எந்த வரைபடத்திலும் நான் காணவில்லை.

கொரோனாவில் ஜனாஸாக்களை எரித்த கதையை இங்கே நீட்டவில்லை. ஒவ்வொரு இதழிலும் எழுதியாயிற்று. நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்ற ஆதாரமற்ற கூற்று 2021 பெப்ரவரி வரை அரச முத்திரையோடு நின்றது என்பதை மட்டும் வகைப்படுத்துவோர் கவனிக்கட்டும். முத்திரை குத்திய பொய்க்கு அந்த மூன்று வகையில் தனிப் பெட்டி இல்லை.

இன்றைக்கு லயத்திலும் வட்ஸ்அப் இருக்கிறது. கொழும்பிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் தமிழ்க் குரல்பதிவுகள் வருகின்றன. எழுத்தாக இல்லாததால் தேட முடியாது, மூடிய குழுவில் இருப்பதால் எண்ண முடியாது. இதற்குக் கணினி தேவையில்லை, ஜமுனா பிரசாத்தின் வழி போதும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். கேட்ட நாள், கேட்ட இடம், சொன்ன மொழி, சொன்னவர் யாரிடமிருந்து கேட்டார், கேட்டவர் என்ன செய்தார் என்று ஐந்து பத்தி. சொன்னவர் பெயர் எழுதக் கூடாது என்பது நிபந்தனை. பழைய ஆட்களிடம் 1977-ஐயும் 2011-ஐயும் கேட்டு எழுதுகிறார்கள். முஸ்லிம் பிள்ளைகள் தங்கள் வீட்டு மூத்தம்மாமாரிடம் கேட்கிறார்கள், தோட்டத்துப் பிள்ளைகள் லயத்தில் கேட்கிறார்கள், பிறகு கொப்பிகளை மாற்றி வாசிக்கிறார்கள். நாலாவது பத்தி அநேகமாக எல்லாக் கொப்பியிலும் வெறுமையாக இருக்கிறது. ஐந்தாவதில் எழுத இடம் போதாமல் பின்பக்கம் போகிறார்கள். புத்தளத்திலும் கிண்ணியாவிலும் படிப்பிக்கும் நண்பர்கள் யாராவது இதே ஐந்து பத்தியோடு ஒரு கொப்பி தொடங்கினால், இந்தச் சஞ்சிகை முகவரிக்கு எழுதுங்கள். எங்களிடமிருப்பதில் ஒரு பிரதி அனுப்புகிறேன்.